ஒரு நல்ல சண்டைக்காக

அந்தத் தெருவில் ஜிப் போய்விட்டால் யாரும் கடவுளைக் கூப்பிடுவதில்லை, ஜிப்பக்காவைத்தான் கூப்பிடுவார்கள். மழைக்கோட்டு, பயணப்பை, தலையணை உறை, ஏன், ஒரு தடவை சர்க்கஸ்காரன் கூடாரமே வந்தது. எது வாயைப் பிளந்துகொண்டு வந்தாலும் அவள் மேசையிலிருந்து வாயை மூடிக்கொண்டுதான் திரும்பிப் போகும். உலகத்தில் ஒரே ஒரு வாயைத்தான் அவளால் மூட முடிந்ததில்லை. அது அவளுடையது.

கையில் ஊசி இல்லாத நேரத்தில் அவள் கையில் போன் இருக்கும். புதிதாக ஒரு செயலி வந்திருக்கிறது என்று காற்றில் சேதி வந்தால் போதும், அன்று மாலைக்குள் அது அவள் போனில் இறங்கிவிடும். இலையைப் படம் பிடித்தால் என்ன செடி என்று சொல்லும் செயலியை முதலில் தன் புருஷனின் மீசைக்கு முன்னால் நீட்டினாள். 'வறண்ட நிலப் புல். வாரம் ஒருமுறை தண்ணீர் போதும்' என்றது. அந்தப் பதிலைத் தெரு முழுக்கக் காட்டிவிட்டு வந்த பிறகுதான் புருஷனுக்கே காட்டினாள். அடிகளை எண்ணும் செயலி வந்தபோது, போனைக் கணுக்காலில் கட்டிக்கொண்டு தையல் மெஷினை மிதித்தாள். ஒரே மழைக்காலத்தில் அவள் இரண்டு மலைகளைக் கடந்துவிட்டதாக அது வாழ்த்துச் சொன்னது.

புருஷனை ஊரார் 'மைக் சார்' என்பார்கள். பேருந்து நிலையத்தில், கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து, எந்தப் பேருந்து எந்த நடைமேடையில் நிற்கிறது என்று அறிவிப்பவர். அந்தக் குரல் இருக்கிறதே, பாகில் ஊறிய வெண்கலம்! அதைக் கேட்டு மயங்கி, போக வேண்டிய ஊரை மறந்து, அவர் சொன்ன ஊருக்கு டிக்கெட் எடுத்து, அங்கேயே பெண் பார்த்துக் குடியேறிவிட்டவர்கள் உண்டு என்று பேச்சு.

ஆனால் அது சீருடைக் குரல். வீட்டுக்கு வந்து நீலச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டும்போது அந்தக் குரலையும் சேர்த்து மாட்டிவிடுவார். வீட்டில் இருந்தது வேறு குரல். இரும்பு நாற்காலியைச் சிமெண்டுத் தரையில் இழுத்தது போன்ற கரகரப்பு. அந்தக் குரலில்தான் அவர் அவளோடு சண்டை போடுவார். எதற்கு என்று கேட்கக் கூடாது, எதற்குமில்லை. ஃபேன் வேகமாகச் சுற்றுகிறது, குடையை விரித்து வைத்தது யார், ரொட்டியைக் குளிர்பெட்டியில் வைக்கலாமா கூடாதா. சாப்பாட்டுக்கு முன் ஒன்று, பின் ஒன்று. சண்டை இல்லாத நாளில் இருவருக்குமே செரிக்காது.

அப்படியிருக்கையில்தான் அவர் தொண்டையில் கட்டி வந்தது. குரல்வளையையும் சேர்த்து எடுத்தால்தான் ஆள் மிஞ்சுவார் என்றார் டாக்டர். எடுத்தார்கள். ஆள் மிஞ்சினார். கழுத்தின் கீழே மூச்சு விட ஒரு துளை. அதன்மேல் கட்டிக்கொள்ள மெல்லிய துணியில் நாடா வைத்து, சட்டைக்கு ஏற்ற நிறத்தில், அவளே விதவிதமாகத் தைத்துக் கொடுத்தாள். காற்றுப் போகவேண்டும், தூசி போகக் கூடாது; மாவு சலிக்கிற சல்லடையைவிடக் கவனமாகத் துணி தேடினாள்.

எல்லாம் சரிதான். ஆனால் வீடு ஊமையாகிவிட்டது. அவள் என்ன சொன்னாலும் அவர் தலையாட்டினார். சோதித்துப் பார்ப்போம் என்று ஒரு நாள் சூப்பில் கைநிறைய உப்பைப் போட்டாள். கடலையே குடிக்கிற மாதிரி குடித்துவிட்டுக் கிண்ணத்தைக் கழுவி வைத்தார். கொட்டுகிற மழையில் ஃபேனை முழு வேகத்தில் விட்டாள். எழுந்து போய்ப் போர்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டார். ஆஸ்பத்திரியில்கூடப் பயப்படாதவள் அன்றைக்குப் பயந்தாள்.

"மனுஷன் எதுக்கும் சண்டைக்கு வரமாட்டேங்கறாருக்கா," என்று அக்காளுக்குப் போனில் சொன்னாள். "ஆள் பாதி கெளம்பிட்டார் போலருக்கு. ஒரு நல்ல சண்டை போட்டார்னா போதும், பொழச்சுட்டார்னு நம்புவேன்."

ஆஸ்பத்திரியில் ஒரு கருவி கொடுத்திருந்தார்கள். கழுத்தில் வைத்து அழுத்தினால் அதிர்ந்து பேசும். மிக்ஸிக்குள் கல் விழுந்த சத்தம். ஒரே ஒரு தடவை பேசினார். பக்கத்து வீட்டுக்காரர் தன் வீட்டு மோட்டாரை நிறுத்திவிட்டு வந்து எட்டிப் பார்த்தார். அதோடு அதைப் பெட்டியில் போட்டுவிட்டார்.

அந்த நேரத்தில்தான் அவள் போனில் அந்தப் புதுச் சங்கதி அகப்பட்டது. ஒருவருடைய பழைய ஒலிப்பதிவைக் கொடுத்தால், அவருடைய குரலையே செய்து தருமாம். எழுதினால் அந்தக் குரலில் பேசுமாம். மகள் வாங்கி அனுப்பிய டேப் ஒன்று, பெரிய போன் மாதிரி ஒரு தொடுதிரைப் பலகை, தூசி படிந்து கிடந்தது. தட்டி எடுத்தாள்.

"ஏங்க, இங்க பாருங்க. உங்க குரலத் தைச்சுத் தருதாம்."

அவர் டேப்பில் விரலால் எழுதிக் காட்டினார்: 'அளவு எடுக்க எங்கிட்ட என்ன இருக்கு?'

"பஸ் நிலையத்துல இருக்கே! உங்க அறிவிப்பெல்லாம் பதிவு பண்ணி வச்சிருக்காங்கல்ல. வேற யார் சத்தமும் கலக்காம அரை மணி நேரம் இருந்தா போதுமாம். அங்க மலையாக் கெடக்கும்."

'வேண்டாம்.'

"வேண்டாம்னு எழுதறதுக்குப் பதிலா வேண்டாம்னு சொல்லலாம்ல? அதுக்குத்தான் சொல்றேன்."

கண்ணாடி அறையில் இப்போது உட்கார்ந்திருந்தவர் பழைய சிநேகிதர். ஒரு பென்டிரைவ் நிறையக் கொடுத்தனுப்பினார். அவள் அதை டேப்பில் போட்டு, செயலி கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்லி, இது சம்மதத்தோடுதான் நடக்கிறது என்று அவர் விரலையும் பிடித்து அழுத்த வைத்தாள். ஒரு பைக்கு ஜிப் மாற்றி முடிக்கும் நேரத்தில் குரல் தயார் என்றது.

"என்னைக் கூப்பிடுங்க, பாப்போம்."

அவர் யோசித்து, இரண்டு விரலால் அடித்து, பொத்தானைத் தட்டினார்.

"டிங்... டாங். ஏய்."

அவள் கையிலிருந்து கத்தரி விழுந்தது. அச்சு அசல் அவர் குரல்! பாகில் ஊறிய அதே வெண்கலம்! ஆனால் அந்த டிங் டாங்?

விஷயம் இதுதான். பேருந்து நிலையத்தில் ஒவ்வொரு அறிவிப்புக்கும் முன்னால் மணி அடிக்கும். மணியும் மனிதருடைய தொண்டையில் ஒரு பகுதி என்று செயலி முடிவு கட்டிவிட்டது.

இருந்தாலும் முதல் வாரம் திருவிழாதான். இருவரும் எதையெதையோ அதில் போட்டுப் பார்த்தார்கள். ஷாம்பு பாட்டிலின் பின்பக்கத்தைப் படிக்க வைத்தார்கள். ஏதோ அரசாணை மாதிரி இருந்தது. ஒரு நகைச்சுவைத் துணுக்கைப் படிக்க வைத்தார்கள். கேட்டு முடித்ததும் எழுந்து நின்று மௌன அஞ்சலி செலுத்தலாம் போலிருந்தது. ரொட்டிக் கடையில் அவர் டேப்பைத் தூக்கிப் பிடித்தார்: "டிங்... டாங். இரண்டு... ரொட்டி. ஆறு... முட்டை." கடையில் இருந்தவர்களெல்லாம் தன்னிச்சையாக வரிசையில் நின்றார்கள். ஒரு பெரியவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "எந்த நடைமேடை?" என்று கேட்டேவிட்டார்.

அவர் முகத்தில் லேசாகச் சிரிப்பு வந்து போனதைப் பார்த்து, இன்னும் கொஞ்ச நாளில் சண்டை வந்துவிடும் என்று அவள் நம்பிக்கை வைத்தாள்.

வந்தது. கழுத்துத் துணிக்கு நல்ல மெல்லிய நீலத்துணி தேடியவள், ஆணியில் சும்மா தொங்கிய அவருடைய சீருடைச் சட்டையை எடுத்து வெட்டிவிட்டாள். பார்த்ததும் அவர் முகம் சிவந்தது. மூக்கு விடைத்தது. மீசை, அந்த வறண்ட நிலப் புல், சிலிர்த்துக்கொண்டு நின்றது.

'வந்துட்டார்!' என்று அவள் மனசு கைதட்டியது. வாய் அதற்குள் கிளம்பிவிட்டது. "ஏன் மொறைக்கிறீங்க? ஆணி போட்டுக்கற சட்டையா அது? உங்க கழுத்துக்குத்தானே வெட்டினேன், பக்கத்து வீட்டுக்காரர் கழுத்துக்கா? இன்னும் ரெண்டு வருஷம் தொங்கியிருந்தா பூச்சி அரிச்சிருக்கும். கேட்டுட்டு வெட்டணும்கறீங்களா? கேட்டா தலையத் தலைய ஆட்டறீங்க, அதுல ஆமா எது இல்ல எது?"

அவர் டேப்பில் அடித்துக்கொண்டே இருந்தார். இரண்டு விரல்தானே. அவள் நான்கு சண்டைக்கான பேச்சைப் பேசி முடித்து மூச்சு வாங்கிய இடைவெளியில் பொத்தானைத் தட்டினார்.

"டிங்... டாங். உனக்கு... கொஞ்சமாவது... அறிவு... இருக்கிறதா."

அதே தேன். அதே கனிவு. பக்கத்து வீட்டு ஜன்னலிலிருந்து, "சார், ஏறிக்கலாமா?" என்று ஒரு குரல் வந்தது.

அவள் சிரித்துவிட்டாள். உதட்டைக் கடித்தாள், முந்தானையை வாயில் திணித்தாள், முடியவில்லை. கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

அவர் சிரிக்கவில்லை. டேப்பை அணைத்தார். பழைய ஜிப்புகள் கிடக்கும் இழுப்பறையில் அதை வைத்து மூடினார். முன்னறை மூலையில், வாடிக்கையாளர்கள் உடுப்பைப் போட்டுப் பார்க்கத் திரை கட்டிய ஒரு சின்னத் தடுப்பு உண்டு. அதற்குள் போய் ஸ்டூலில் உட்கார்ந்து திரையை இழுத்துக்கொண்டார். அன்றிலிருந்து அவர் இருப்பிடம் அதுதான். யாராவது பாவாடையைப் போட்டுப் பார்க்க வந்தால் வெளியே வந்து நிற்பார். அவர்கள் போனதும் உள்ளே போய்விடுவார். ஆளைப் பார்க்கவேண்டுமென்றால் திரைக்குக் கீழே தெரியும் செருப்பைப் பார்க்கவேண்டியதுதான்.

வானத்தைக் கவிழ்த்துக் கொட்டிய ஒரு மழைநாளில் அக்காள் வந்து சேர்ந்தாள். ரொட்டி ஆலையில் பொதி கட்டும் பிரிவில் வேலை. அவள் உள்ளே வரும்போது எப்போதும் ஒரு சூடான மாவு வாசனை முன்னால் வரும். அன்றைக்கு மழைக்கோட்டின் ஜிப் பாதியில் மாட்டிக்கொண்டு, கோட்டுக்குள்ளிருந்து வெளியே வர முடியாமல், தலையை மட்டும் நீட்டிய ஆமை மாதிரி நின்றாள்.

"மொதல்ல என்னை இதுலருந்து எடுடி. பஸ்ல எல்லாரும் என்னையே பாக்கறாங்க."

ஜிப்பக்கா ஜிப்பின் பல்லில் மெழுகு தேய்த்து, அதன்மேல் ஓடும் ரன்னரை இடுக்கியால் பிடித்து அசைத்து, அக்காளை வெளியே எடுத்தாள். "ரன்னர் தேஞ்சு போச்சு. இங்கயே விட்டுட்டுப் போ, மாத்தி வைக்கிறேன்."

"மாப்ள எங்க?"

ஜிப்பக்கா கண்ணால் திரையைக் காட்டினாள். அக்காள் செருப்பைப் பார்த்தாள். பிறகு இருவரும் அடுப்பருகே போய், டீ கொதிக்கக் கொதிக்க, குசுகுசுவென்று பேசினார்கள். ஜிப்பக்கா குசுகுசுத்தால் தெருமுனை வரை கேட்கும் என்பது தனி.

"அந்தக் குரலத்தான் கொஞ்சம் காட்டேன்."

டேப் இழுப்பறையிலிருந்து வந்தது. கடைசியாக அவர் எழுதியிருந்ததைத் தட்டியதும், டிங் டாங் என்று மணியடித்து, அறிவு இருக்கிறதா என்று கனிவாகக் கேட்டது.

அக்காளுக்கு டீ புரையேறிவிட்டது. "அடியே! இது மாப்ளயோட வேலைக் குரல்டி! கல்யாண வீட்டுக்குப் போட்டுட்டுப் போற கோட்ட வீட்டுக்குள்ள போட்டுக்கன்னா மனுஷன் எப்படிப் போட்டுக்குவார்? வீட்டுக் குரலக் குடுக்க வேண்டியதுதானே?"

"வீட்டுக் குரலுக்கு எங்கக்கா போறது? அத யாரு பதிவு பண்ணி வச்சா?"

அக்காள் அவளை ஒரு பார்வை பார்த்தாள். "நீதான்."

ஜிப்பக்கா சட்டென்று திரைப்பக்கம் திரும்பிப் பார்த்தாள். "அக்கா, மெதுவா..."

"என்ன மெதுவா? சண்டை ஆரம்பிச்ச ஒடனே மேசைக்குக் கீழ போனப் புடிச்சு அமுக்கி, முடிஞ்ச ஒடனே 'பாத்தியாக்கா, கேட்டியாக்கா, நியாயத்தச் சொல்லு'ன்னு எனக்கு அனுப்புவியே. எத்தனை வருஷமா அனுப்பற! ஒண்ணக்கூட நான் அழிக்கல. பொதி கட்டற எடத்துல காதுல மாட்டிக்கிட்டு அதக் கேட்டுத்தான்டி எனக்குப் பொழுதே போகும். டிவியில வர்ற தொடரெல்லாம் கிட்ட நிக்க முடியாது."

கம்பியில் வளையங்கள் கிறீச்சிட்டன. திரை விலகியது. மைக் சார் நின்றார். நடந்து வந்து டேப்பை வாங்கி அடித்தார்.

"டிங்... டாங். எல்லாவற்றையும்... போடுங்கள்... அண்ணி."

மூவரும் தையல் மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். மழை கூரையைப் பறையாக்கிக்கொண்டிருந்தது. அக்காள் பழைய காலத்திலிருந்து ஆரம்பித்தாள். ஃபேன் சண்டை. குடைச் சண்டை. குளிர்பெட்டியில் ரொட்டி வைத்த சண்டை, அதன் இரண்டாம் பாகம், மூன்றாம் பாகம். அவர் முன்னால் சாய்ந்து, காதைப் போனுக்குக் கொடுத்து, புது ஊரைப் பார்க்கிறவர் மாதிரி கேட்டார். தன்னுடைய கரகரப்பு வரும்போதெல்லாம் புருவம் ஏறியது. ஒரு கட்டத்தில் தோள்கள் குலுங்கின. சத்தமே இல்லாத சிரிப்பு. பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு வெட்கம் பாதி, நிம்மதி பாதி.

எல்லாப் பதிவையும் டேப்பில் ஏற்றினாள். செயலி வெகுநேரம் மென்று, கடைசியில், 'இந்தப் பதிவுகளில் ஒரு பெண்மணி மட்டுமே பேசுகிறார்' என்றது.

"காது அடைச்சுப் போச்சா அதுக்கு?" என்று சீறினாள் ஜிப்பக்கா.

சளைப்பவளா? சத்தத்தை வெட்டும் இன்னொரு செயலியை இறக்கினாள். தையல் பிரிக்கிற அதே நிதானம். திரையில் மலைத்தொடர் மாதிரி ஓடிய சத்தத்தில் தன் குரலெல்லாம் எங்கே என்று பார்த்துப் பார்த்து வெட்டிப் போட்டாள். வெட்ட வெட்ட மலைகள் போயின. மிச்சமிருந்ததை வரிசையாகச் சேர்த்துப் போட்டுக் கேட்டார்கள்.

"நான் என்ன சொல்ல..." "அது இல்ல..." "ஒரு நிமிஷம்..." "இரு, நான்..." "இந்த ஃபேன்..." "சரி விடு."

அவ்வளவுதான். வெட்டுத்துணிக் குவியலில் கைக்குட்டைக்குக்கூடப் பற்றாத துண்டுகள்.

கத்தரி ஓய்ந்த கையோடு ஜிப்பக்கா அப்படியே உட்கார்ந்திருந்தாள். "ஏங்க," என்றாள், அவளுக்கே பழக்கமில்லாத சின்னக் குரலில். "இத்தனை வருஷத்துல ஒரு வாக்கியம் நீங்க முடிச்சதே இல்லையா?"

அவர் பெருந்தன்மையாகத் தோளைக் குலுக்கினார்.

அக்காள் தொண்டையைச் செருமினாள். "மாப்ளே."

அவர் நிமிர்ந்தார். அக்காளின் பார்வை புரிந்ததும் கண்கள் அகன்றன. தலையை வேகமாக இடமும் வலமும் ஆட்டினார். கை இரண்டையும் கூப்பினார்.

"வேற வழி இல்ல மாப்ளே. குரல் வேணுமா, மானம் வேணுமா?"

"என்னக்கா அது?"

"நீ ஒருத்திதான் எனக்கு அனுப்பறன்னு நெனச்சியாடி? இவரும் அனுப்புவார். அடுத்த பஸ்ஸுக்கு நேரம் இருக்கறப்ப, மைக்க அணைச்சுட்டு, அந்தக் கண்ணாடி ரூம்ல உக்காந்து, அமைதியா, விலாவாரியா. ரெண்டு பேருக்கும் சத்தியம் பண்ணிக் குடுத்திருந்தேன், ஒருத்தர் சொல்றத இன்னொருத்தர்ட்ட சொல்லமாட்டேன்னு. இன்னைக்கு அந்தச் சத்தியம் மழையோட போகட்டும்." பொத்தானைத் தட்டினாள்.

வெளிச்சத்தமே இல்லாத கண்ணாடி அறை. இரும்பு நாற்காலிக் குரல், இழுக்காமல் கொள்ளாமல், தன் போக்கில் வந்தது:

"அண்ணி, உங்க தங்கச்சி இன்னைக்கு என்ன பண்ணா தெரியுமா? என் மீசையப் புல்லுன்னு தெரு முழுக்கக் காட்டிட்டா. ரொட்டிக் கடைக்காரன் தண்ணி ஊத்தட்டுமான்னு கேக்கறான். அது போகட்டும். சூப்புல நூல் கெடக்குது அண்ணி. டெய்லி. இதுவரைக்கும் நான் முழுங்கின நூலச் சேத்தா ஒரு ஸ்வெட்டர் பின்னலாம். சொன்னா, பத்து பதில் வருது. வாயத் தொறந்தா மூடறதில்ல... ஆனா அண்ணி, நேத்து ஜுரம்னு பேசாமப் படுத்திருந்தா. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. கடைசி பஸ்ஸும் போனப்புறம் நிலையம் இருக்குமே, அப்படி இருந்துச்சு வீடு. இத அவகிட்டச் சொல்லிடாதீங்க. தலைக்கு மேல ஏறி உக்காந்துக்குவா."

அக்காள் நிறுத்தினாள். அவர் மேசைமேல் கிடந்த பொத்தான்களை ரொம்பக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜிப்பக்கா எதுவும் பேசவில்லை. அந்த மௌனத்தைப் பதிவு செய்து வைத்திருந்தால் அருங்காட்சியகத்தில் வாங்கிக்கொண்டிருப்பார்கள்.

பிறகு, "ஸ்வெட்டரா?" என்றாள்.

"ஆரம்பிச்சுட்டா," என்று அக்காள் எழுந்தாள். "எனக்கு ஷிப்டுக்கு நேரமாச்சு. இந்தாங்க, எல்லாத்தையும் உங்களுக்கு அனுப்பிட்டேன். கோட்ட நாளைக்கு வந்து வாங்கிக்கறேன்." குடையைக் கடன் வாங்கிக்கொண்டு மழைக்குள் ஓடினாள்.

மறுநாள் மழை விட்டிருந்தது. மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தார்கள். சூப், ரொட்டி, அவித்த முட்டை. டேப் தண்ணீர்க் குவளையில் சாய்ந்து நின்றது. புதுக் குரல் தயார் என்று அது காலையிலேயே சொல்லிவிட்டது. அவர் இன்னும் தொடவில்லை. சூப்பை ஒரு வாய் குடித்தார். எதையோ நாக்கால் தேடி, விரலால் இழுத்தார். நீளமாக, ஒரு சிவப்பு நூல்.

அதைத் தட்டின் ஓரத்தில் வைத்தார். டேப்பைப் பக்கத்தில் இழுத்தார்.

"ஏய்."

மணி இல்லை. பாகு இல்லை. சிமெண்டுத் தரையில் இழுபட்ட இரும்பு நாற்காலி! அவளுக்குப் பாதத்திலிருந்து உச்சி வரை சிலிர்த்தது.

"என்ன ஏய்? அந்த நூலத்தானே சொல்லப் போறீங்க? ஒரு நூல் கெடந்தது, அதுக்கு ஊரு ரெண்டுபடணுமா? தையக்காரி வீட்டுல நூல் கெடக்காம ரயில் தண்டவாளமா கெடக்கும்? எங்கக்காட்டயே போய் ஸ்வெட்டர்ங்கறீங்களே, இது வரைக்கும் உங்களுக்கு..."

அவர் அடித்து முடித்துத் தட்டினார். "நூல் கெடக்கறது தப்பில்ல. சீருடைய வெட்டுனியே, அது தப்பு. அந்தச் சட்டைய..."

"அதத்தான் அன்னைக்கே சொன்னேனே, பூச்சி அரிக்கும்னு..."

"...நான் ஆணியில மாட்டி வச்சது..."

"ஆணியில தொங்கினா அது சட்டையா, காலண்டரா?"

"...போட்டுக்கறதுக்கு இல்ல. தெனமும் பாக்கறதுக்கு. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

அவள் திகைத்துப் போனாள். அவள் குறுக்கே புகுந்தாள், அது நிற்கவில்லை. சத்தத்தைக் கூட்டினாள், அது சட்டை செய்யவில்லை. எந்த மனிதக் குரலும் நின்றுவிடும் இடத்தில் அது பாட்டுக்குப் போய், முற்றுப்புள்ளி வரை போய், இறங்கி நின்றது. அவரும் வாயைப் பிளந்து டேப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஒரு வாக்கியத்தை முடித்துவிட்டார்! கல்யாணம் ஆன நாளிலிருந்து முதல் தடவையாக!

"சரி, கேக்காம வெட்டினது தப்புத்தான்," என்றாள் அவள். சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டோம் என்பதே அவளுக்கு உறைத்தது. "ஆனா ஸ்வெட்டர் கணக்கு பாக்கி இருக்கு. அத விடமாட்டேன்."

அவர் மீசை துடித்தது. டேப்பை இன்னும் நெருக்கமாக இழுத்துக்கொண்டார்.

மேசைக்குக் கீழே அவள் கட்டைவிரல், பழக்கதோஷத்தில், போனை அமுக்கிப் பிடித்திருந்தது. அக்காளுக்கு அனுப்பத்தான். அப்போதுதான் ரொட்டிக் கூடைக்குப் பின்னால் அவர் போன் நிமிர்ந்து நிற்பதைப் பார்த்தாள். அதிலும் சின்னச் சிவப்புப் புள்ளி ஓடிக்கொண்டிருந்தது. அவள் பார்ப்பதை அவர் பார்த்தார். அவள் கை இருக்கும் இடத்தையும் பார்த்தார். இருவருமே எதையும் நிறுத்தவில்லை.

"ம், சொல்லுங்க," என்றாள்.

அவர் இரண்டு விரலால் அடிக்கத் தொடங்கினார். நீளமாகத்தான் வரும் போலிருந்தது. அவள் ஒரு கையால் அக்காளின் மழைக்கோட்டை மடிக்கு இழுத்து, இடுக்கிக்குப் பதில் பல்லால் கடித்துப் புது ரன்னரைக் கோத்து, மேலே தள்ளினாள். வழுக்கிக்கொண்டு ஏறியது. பாதி வழியில் அதை அப்படியே பிடித்துக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு, அவர் அடித்து முடிக்கும்வரை காத்திருந்தாள்.